ஏற்காட்டுக் குட்டையில் விராலுக்கு மட்டும் புண், ஜிலேபிக்கு ஒன்றும் இல்லை. என்ன நோய் இது?

மலைக்குட்டை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகிற பக்கம், காப்பித் தோட்டத்துக்கு நடுவில் எங்களுக்கு ஒரு குட்டை இருக்கிறது. 12 சென்ட் வரும், ஆறடி ஆழம், ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும்தான், போர் கிடையாது. விரால், ரோகு, ஜிலேபி மூன்றும் விட்டிருக்கிறேன், அது போக ஓடை வழியாகத் தானாக ஏறி வந்த பொடிக் கெண்டை ஏராளம். ஐப்பசி மழை பெய்து முடிகிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கார்த்திகை கடைசியில் குளிர் இறங்கியதும் விராலின் உடம்பில் அங்கங்கே சிவப்புப் புள்ளி தெரிந்தது, ஏதோ கல்லில் உரசிக்கொண்டது என்று விட்டுவிட்டோம். இப்போது அந்த இடமெல்லாம் சதை குழிந்து புண்ணாகி, ஓரத்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ, ஒன்றிரண்டுக்கு வால் பக்கம் முள்ளே தெரிகிறது, ஆனாலும் உயிரோடு மேலே வந்து மிதந்தபடி நிற்கிறது. பொடிக் கெண்டையிலும் புண் பார்த்தேன். ரோகுவில் சின்னதுகளுக்கு மட்டும் கொஞ்சம். ஜிலேபி ஒன்றுக்குக்கூட ஒரு கீறல் இல்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் உங்களுக்கும் குழப்பமாக இருக்கும். கீழே கருப்பூர் பக்கம் என் மச்சான் குட்டை வைத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆளிடம் ஒரே வண்டியில் வந்த விரால் குஞ்சைத்தான் பிரித்து எடுத்துக்கொண்டோம். அவருடைய குட்டையில் ஒரு மீனுக்கும் ஒன்றும் இல்லை, நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறது.

மருந்துக் கடையில் கேட்டால் ஒரு ஆன்டிபயாடிக் பொடியைக் கொடுத்து தீவனத்தில் கலந்து போடச் சொன்னார்கள். இன்னும் பிரிக்கவில்லை. பக்கத்து எஸ்டேட்டில் பழம் அரைக்கிற தண்ணீர் மழைக்கு வழிந்து வருகிறதா என்றும் சந்தேகம். இந்த மீனைச் சாப்பிடலாமா என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கொட்டச்சேடுக்காரன் எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணா, காப்பித் தண்ணீர்தான். நவம்பரில் இருந்து ஜனவரி வரைக்கும் மலை முழுக்கப் பழம் பறித்து அரைக்கிறார்கள். தோல் உரித்த கொட்டையைத் தொட்டியில் புளிக்கவிட்டுக் கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? பெரிய தோட்டங்களில் குழி வெட்டி விடுகிறார்கள், சின்னத் தோட்டங்களில் சரிவுதான் குழி. எங்கள் ஓடையில் அந்த சீசனில் கால் வைத்தாலே புளித்த வாடை அடிக்கும். அந்தத் தண்ணீர் பட்டால் மீன் செத்துத்தான் போகும்.


மீன்டாக்டர்_இல்லை எழுதியது:

பெயரிலேயே சொல்லிவிட்டேன், நான் டாக்டர் இல்லை, ஆனால் மீன் நோய் படித்துவிட்டு அதே வேலையில்தான் இருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் 90-களில் நம் ஊர் ஏரிகளில் விராலைக் காலி செய்த அதே புண் நோய் மாதிரி இருக்கிறது. ஈ.யூ.எஸ். (எபிசூட்டிக் அல்சரேட்டிவ் சிண்ட்ரோம், அதாவது கொள்ளையாகப் பரவும் புண் நோய்) என்று சொல்வோம். ஆய்வகத்தில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் விரால், பொடிக் கெண்டை இரண்டுக்கும் வந்து ஜிலேபிக்கு வராமல் இருப்பதுதான் பெரிய துப்பு. இந்த நோய் ஜிலேபியையும் சாதாக் கெண்டையையும் (காமன் கார்ப்) அநேகமாகத் தொடாது. விரால், குரவை, பொடிக் கெண்டை வகைகள்தான் முதலில் விழும். ரோகு, மிர்கால் எல்லாம் குஞ்சாக இருக்கும்போது வாங்கிக்கொள்ளும், வளர்ந்துவிட்டால் ஓரளவு தாங்கும். உங்கள் குட்டையில் நடந்திருப்பது இந்த வரிசை அப்படியே.

கொட்டச்சேடுத் தம்பி சொன்ன காப்பித் தண்ணீரை நான் ஒதுக்கவில்லை, ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால் காட்சி வேறு மாதிரி இருந்திருக்கும். புளித்த தண்ணீர் மொத்தமாக உள்ளே வந்தால் அதில் இருக்கிற சர்க்கரையும் சக்கையும் அழுகி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், விடிகாலையில் எல்லா மீனும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும், ஒரே நாளில் குட்டை முழுக்க வெள்ளையாக மிதக்கும். அப்போது புண் இருக்காது. விராலுக்கு மேலே வந்து காற்றை விழுங்கத் தெரியும் என்பதால் அது கடைசியாகத்தான் சாகும், முதலில் போவது ரோகு. உங்கள் குட்டையில் தலைகீழாக நடந்திருக்கிறது.

இந்த நோயின் கதையே கொஞ்சம் சுவாரஸ்யமானது. 1971-ல் ஜப்பானில் முதலில் பார்த்தார்கள், அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவில், அப்புறம் தென்கிழக்கு ஆசியா முழுக்க, 1988-ல் நம் வடகிழக்கு மாநிலங்களுக்குள் வந்து சில வருஷத்தில் தெற்கு வரைக்கும் இறங்கிவிட்டது. வைரஸ் என்று ஒரு கூட்டம், பாக்டீரியா என்று ஒரு கூட்டம், பூச்சி மருந்து என்று இன்னொரு கூட்டம், வருஷக்கணக்கில் சண்டை. ஏனென்றால் புண்ணில் ஊசியை வைத்து எடுத்தால் எல்லாமே கிடைக்கும், திறந்த புண்ணில் எது வந்து உட்காராது? 90-களில்தான் அஃபனோமைசிஸ் இன்வடான்ஸ் என்கிற ஒன்றுதான் மூலக் காரணம் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். பார்க்கப் பூஞ்சை மாதிரி இழை இழையாக இருக்கும், ஆனால் உண்மையான பூஞ்சை கிடையாது, உருளைக்கிழங்கில் கருகல் நோய் வருகிறதே, அந்தக் கிருமியின் சொந்தக்காரன். தண்ணீரில் நீந்தக்கூடிய வித்துகளை விடும். அந்த வித்து மீனின் தோலில் ஒட்டி முளைத்து, இழையை நேராகச் சதைக்குள் இறக்கும். வெளியே நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பஞ்சு வேறு, அது அநேகமாகப் பின்னால் வந்து குடியேறிய சாதா நீர்ப் பூஞ்சை. உண்மையான ஆள் உள்ளே சதையில் இருக்கிறான்.

ஆன்டிபயாடிக்கைப் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது, கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. மாலகைட் கிரீன் என்று யாராவது பச்சைச் சாயத்தைக் கொண்டுவந்தால் தொடவே வேண்டாம், உணவு மீனில் அது தடை செய்யப்பட்டது.

சாப்பிடுவதைப் பற்றி. இந்தக் கிருமி 37 டிகிரியில் வளராது, மனித உடம்பில் அதற்கு இடம் இல்லை. ஆனால் புண் வந்த மீனில் வேறு பாக்டீரியாக்கள் கும்பலாக இருக்கும், அதனால் புண் உள்ளதை விற்கவும் வேண்டாம், குழம்பும் வைக்க வேண்டாம். புண் இல்லாத ஜிலேபியைத் தாராளமாகச் சாப்பிடலாம். நோய் முதலில் நாட்டுக்குள் வந்தபோது பயத்தில் நல்ல மீனைக்கூட வாங்க ஆள் இல்லாமல் போனது, அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இனி உங்கள் மச்சான் விஷயம். குஞ்சு ஒன்று, வண்டி ஒன்று, மலையில் நோய், கீழே இல்லை. ஒரு பாதி பதில் என்னிடம் இருக்கிறது, வெப்பம். இந்த நோய் வழக்கமாகத் தண்ணீர் 18-ல் இருந்து 22 டிகிரிக்குள் இருக்கும்போதும், பெருமழைக்குப் பிறகும்தான் கிளம்பும். கிருமி மட்டும் காரணம் இல்லை, குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தியும் மந்தமாகிவிடும். விராலை வைத்தே சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள், 20-க்குக் கீழே வைத்த மீனால் இழையைச் சுற்றி வளைத்து அடைக்க முடியவில்லை, 26-க்கு மேல் வைத்தவை சமாளித்துக்கொண்டன. கருப்பூரில் மார்கழியிலும் பகலில் வெயில் அடிக்கிறது, உங்களுக்கு மத்தியானமும் பனிமூட்டம்.

ஆனால் வெப்பம் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். தோல் ஒழுங்காக இருந்தால் வித்து சுலபமாக உள்ளே போகாது. உங்கள் தண்ணீரின் பி.எச். எவ்வளவு? விடிகாலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்கள். காரத்தன்மையும் பாருங்கள், மீன் கடையில் சொட்டு விட்டு எண்ணுகிற கிட் கிடைக்கும். இரண்டும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பி.எச். என்பது இந்த நிமிஷம் தண்ணீர் அமிலமா காரமா என்பது (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்), காரத்தன்மை என்பது அமிலம் வந்தால் எவ்வளவு தாங்கும் என்பது.


அனுபவம்_பேசுது எழுதியது:

இவ்வளவு படிப்பெல்லாம் வேண்டாம் தம்பி. மஞ்சள் தூளும் வேப்பிலையும் அரைத்துக் குட்டையில் கரைத்து விடுங்கள், ஒரு வாரத்தில் புண் ஆறிவிடும். வாழப்பாடி பக்கம் நாங்கள் எல்லாம் அப்படித்தான்.


மீன்டாக்டர்_இல்லை எழுதியது:

ஐயா, வாழப்பாடியில் தை பிறந்து வெயில் ஏறினால் தண்ணீர் சூடாகி, தப்பித்த மீனுக்குப் புண் தானாகவே ஆறும். மஞ்சள் போட்டவருக்கும் ஆறும், போடாதவருக்கும் ஆறும். போடக் கூடாது என்று சொல்லவில்லை, சுண்ணாம்போடு மஞ்சள் கலந்து போடுகிற பழக்கம் நிறைய ஊரில் இருக்கிறது. அதில் வேலை செய்வது சுண்ணாம்பு என்பது என் கட்சி.


கல்லுப்பைத்தியம் எழுதியது:

மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தின்னத்தான் தெரியும். ஆனால் ஏற்காடு, கருப்பூர் என்ற இரண்டு பெயரையும் ஒரே கேள்வியில் பார்த்ததும் கை அரிக்கிறது, ஏனென்றால் சேலத்தில் இதைவிட எதிர் எதிரான இரண்டு பாறைகளை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. புவியியல் படித்தவன் என்ற முறையில் என் பங்குக்குக் கொஞ்சம்.

சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோகைட். சுமார் 250 கோடி வருஷத்துக்கு முந்தைய பாறை, பூமியின் அடியில் கடும் வெப்பத்தில் வெந்து மேலே வந்தது. (பெயர்க் கதை தெரியாதவர்களுக்கு: கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையின் கல்லைப் பார்த்துவிட்டு 1893-ல் ஹாலண்ட் என்பவர் வைத்த பெயர், அந்தக் கல் போனது நம் பல்லாவரத்தில் இருந்து.) இந்தப் பாறை ஏற்கனவே சுண்ணாம்புச் சத்து அதிகம் இல்லாதது. அதன் மேல் மலை உச்சிச் சமவெளியில் கோடிக்கணக்கான வருஷம் மழை பெய்து பெய்து கால்சியம், மெக்னீசியம், சோடியம், கடைசியில் சிலிக்கா வரைக்கும் கழுவிக்கொண்டு போய்விட்டது. கரையாமல் நின்றது அலுமினியமும் இரும்பும். அதுதான் பாக்சைட். மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு ஏற்காட்டில் இருந்து லாரி லாரியாகப் போனதே, அதே மண்தான். சேர்வராயன் கோயில் பக்கம் போனால் காலுக்கடியில் சிவப்பும் வெள்ளையுமாக இருப்பதைப் பார்க்கலாம்.

ஆக, உங்கள் ஊற்றுத் தண்ணீர் கடந்து வருகிற மண்ணில் கரைத்துக்கொள்ள ஒன்றும் மிச்சம் இல்லை. மழைத் தண்ணீர் உள்ளே போய் மழைத் தண்ணீராகவே வெளியே வருகிறது. குடிக்க அருமையாக இருக்கும், சோப்பு சட்டென்று நுரைக்கும், ஆனால் துளி அமிலம் வந்தாலும் அதை அடக்க உள்ளே கார்பனேட் இல்லை. காட்டுச் சருகு அழுகினாலும் அமிலம், காப்பிக் கழிவு வந்தாலும் அமிலம். கொட்டச்சேடுக்காரர் சொன்ன தண்ணீர் புளித்துப் போனால் பி.எச். 4 பக்கம் இறங்கிவிடும், அது கொஞ்சமாகக் கசிந்தால் கூட இந்த மாதிரித் தண்ணீரில் ஆட்டம் காட்டும்.

கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் கரடு. அங்கே அடியில் இருப்பது மெக்னீசியம் நிறைந்த கரும்பச்சைப் பாறை, அதன் வெடிப்பில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக மேக்னசைட் நரம்பு. மேக்னசைட் என்றால் மெக்னீசியம் கார்பனேட், அதாவது பாறையே கார்பனேட். அதோடு வறண்ட சமவெளி மண்ணில் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) வேறு. அந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, குடத்தில் வெள்ளையாகப் படியும், எல்லோரும் திட்டுவார்கள். மீனுக்கு அதுதான் கவசம் என்று இப்போது தெரிகிறது. மச்சான் குட்டைக்குப் போர்த் தண்ணீரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயம் மீன்காரரிடம் கேட்க வேண்டும். எங்கள் படிப்பில், மண்ணில் அலுமினியம் நிறைய இருந்தாலும் பி.எச். 5.5-க்கு மேல் இருக்கிற வரைக்கும் அது கரையாமல் சும்மா கிடக்கும், அதற்குக் கீழே போனால்தான் தண்ணீரில் கரைந்து வரும். பாக்சைட் மண் உள்ள மலையில் அமிலத் தண்ணீர் என்றால் அலுமினியம் மீனை என்ன செய்யும்?


மீன்டாக்டர்_இல்லை எழுதியது:

நீங்கள் கேட்ட இடத்தில்தான் நான் தேடிய மீதிப் பாதி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ரிச்மண்ட் ஆற்றில் இதே நோய் ஒவ்வொரு மழைக்குப் பின்னாலும் ஏன் வருகிறது என்று 90-களில் தோண்டிப் பார்த்தார்கள். அங்கே கரையோரச் சதுப்பு மண்ணில் கந்தகம் இருக்கிறது, வடிகால் வெட்டியதும் காற்றுப் பட்டு அது அமிலமாகி, மழை வந்ததும் அமிலமும் கரைந்த அலுமினியமும் சேர்ந்து ஆற்றில் இறங்கியது. அந்தத் தண்ணீர் பட்ட மீனின் மேல்தோல் செத்து உரிகிறது, உரிந்த இடத்தில் வித்து ஒட்டுகிறது, புண் வருகிறது. அலுமினியம் செவுளிலும் போய்ப் படிந்து மூச்சைத் தடுக்கும். அங்கே கந்தக மண், இங்கே கழுவப்பட்ட மலை மண், வழி வேறு, ஆனால் மீனின் தோலுக்கு வந்து சேர்கிற சேதம் ஒன்றேதான். ஏற்காட்டில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை, அளந்து பார்த்தால் தெரியும். ஆனால் குளிர், மழை, மென்மையான தண்ணீர் மூன்றும் சேருகிற இடம் ஒன்றைக் காட்டு என்றால் உங்கள் குட்டையைத்தான் காட்டுவேன்.

கிருமி குஞ்சோடு வந்திருக்கலாம், ஓடைக் கெண்டையோடும் வந்திருக்கலாம். அது மச்சான் குட்டையிலும் இருக்கலாம், அங்கே கதவு சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.


மலைக்குட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிட் வாங்கிப் பார்த்துவிட்டேன். விடியற்காலை பி.எச். 5.8, சாயங்காலம் 6.3. காரத்தன்மைச் சொட்டு இரண்டாவது விடுவதற்குள் நிறம் மாறிவிட்டது, அட்டவணைப்படி லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் கீழே. தண்ணீர் விடியற்காலை 17 டிகிரி, மத்தியானம் 20-ஐத் தாண்டவில்லை. அதே கிட்டை மச்சானிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன், அவருக்கு பி.எச். 8.2, சொட்டு விட்டு விட்டு அவருக்குக் கை வலித்துவிட்டதாம். போர்த் தண்ணீர்தான், கல்லுப்பைத்தியம் சார் சொன்னது சரி. என் சந்தேகம் என்னவென்றால் பக்கத்து எஸ்டேட் தண்ணீர் வருகிற வாய்க்காலை மண் போட்டு அடைத்தாயிற்று, ஆனாலும் காலையில் பி.எச். ஏறவில்லை. அப்படியென்றால் காப்பி காரணம் இல்லையா?

சுண்ணாம்பு போடலாம் என்கிறீர்கள், எது, எவ்வளவு? செவ்வாய்ப்பேட்டையில் சுட்ட சுண்ணாம்பு மூட்டையாகவே கிடைக்கிறது, அதைக் கொட்டிவிடலாமா?


மீன்டாக்டர்_இல்லை எழுதியது:

கொட்டாதீர்கள்! மீன் உள்ளே இருக்கும்போது, அதுவும் உங்கள் மாதிரி மென்மையான தண்ணீரில், சுட்ட சுண்ணாம்பை மொத்தமாகப் போட்டால் பி.எச். ஒரு மணி நேரத்தில் 6-ல் இருந்து 10-க்குப் பாய்ந்துவிடும், புண்ணில் தப்பித்தது அதில் செத்துவிடும். மீன் கழிவில் இருந்து வருகிற அம்மோனியா வேறு, பி.எச். ஏறினால் விஷமாக மாறும். சுட்ட சுண்ணாம்பு காலிக் குட்டைக்கானது.

இப்போது உங்களுக்கு வேண்டியது சுடாத சுண்ணாம்புக்கல் பொடி, வயலுக்குப் போடுகிறார்களே அது, கால்சியம் கார்பனேட். அதில் ஒரு வசதி, எவ்வளவு போட்டாலும் பி.எச். 8-க்குக் கொஞ்சம் மேலே போய்த் தானாக நின்றுவிடும். வங்கதேசத்தில் இந்த நோய்க்கு சென்ட்டுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு, ஒரு கிலோ கல்லுப்பு என்று விவசாயிகள் போடுகிறார்கள், அது அங்கே பரவலான வழக்கம். உங்கள் 12 சென்ட்டுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு கிலோ. சுண்ணாம்புக்கல் பொடி மெதுவாகக் கரையும் என்பதால் இதைவிட அதிகமாகவே தேவைப்படும், முதலில் இந்த அளவைப் பாதி பாதியாக, சாயங்காலம் வேண்டாம், காலை வெயில் வந்ததும் தண்ணீரில் கரைத்துப் பரவலாகத் தெளித்துவிட்டு, நாலைந்து நாள் கழித்து மறுபடி சொட்டு எண்ணுங்கள். காரத்தன்மை 50-ஐத் தாண்டுகிற வரைக்கும் தொடரலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று கடையில் சொன்னால் சுட்டதா சுடாததா என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர் பட்டால் சூடாகிறது என்றால் அது சுட்டது.

சிஃபாக்ஸ் என்று ஒரு மருந்து இருக்கிறது, புவனேஸ்வரில் உள்ள நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இந்த நோய்க்கென்றே தயாரித்தது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஒரு லிட்டர் கணக்கு, உங்கள் குட்டைக்கு 100 மில்லிகூட வராது. கிடைத்தால் போடுங்கள். ஆனால் தண்ணீரைச் சரி செய்யாமல் மருந்து மட்டும் போட்டால் அடுத்த கார்த்திகையில் இதே கேள்வியை இதே இடத்தில் கேட்பீர்கள். மலையில் குட்டை வைத்திருக்கிறவர்கள் புரட்டாசியிலேயே, மழைக்கு முன்னால், சொட்டு எண்ணிப் பார்த்துச் சுண்ணாம்பு போட்டுவிட வேண்டும், புண் வந்த பிறகு போடுவது பாதி வேலைதான்.

காப்பியைப் பற்றி. வாய்க்காலை அடைத்த பிறகும் பி.எச். ஏறவில்லை என்றால் அடிப்படையே அப்படித்தான் இருக்கிறது, கல் சார் சொன்ன மாதிரி. அதற்காக வாய்க்காலைத் திறந்துவிடாதீர்கள், வெறும் வயிற்றில் இருப்பவனுக்கு எதற்குப் புளிச்ச தண்ணீர்.


கொட்டச்சேடுக்காரன் எழுதியது:

சரி, காப்பிக்குப் பாதித் தண்டனையாவது கிடைத்ததே. எனக்கு வேறு ஒரு கவலை. அண்ணன் குட்டை நிரம்பினால் வழிகிற தண்ணீர் ஓடைக்குத்தானே போகும், அது கிளியூர் அருவிப் பக்கம் போகிற ஓடையில் சேருகிறது என்றால் அங்கே இருக்கிற காட்டு மீனுக்கு வராதா? குட்டை மீன் செத்தால் மறுபடி வாங்கலாம், மலை ஓடைப் பொடிமீனை யார் வந்து விடுவார்கள்?


மீன்டாக்டர்_இல்லை எழுதியது:

வரும் தம்பி. இந்த நோயைப் பற்றி உலகம் முழுக்கப் பயப்படுவதே அதற்காகத்தான். பண்ணைக்குள் நிற்கிற நோய் கிடையாது. 2006 கடைசியில் ஆப்பிரிக்காவில் சாம்பேசி, சோபே ஆறுகள் சேருகிற பகுதியில் முதல் தடவையாக நுழைந்தது, அங்கே பண்ணை எதுவும் காரணம் என்று யாரும் காட்டவில்லை, காட்டு மீனிலேயே பல வகைகளில் புண், மீனை நம்பிப் பிழைத்த கரையோர ஊர்களுக்குப் பெரிய அடி. உலக விலங்கு சுகாதார அமைப்பின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. விராலுக்காவது வாங்க ஆள் உண்டு, ஓடைப் பொடிமீன் செத்தால் செய்தியே வராது, அதைத் தின்கிற மீன்கொத்தி மட்டும்தான் கவனிக்கும்.

அதனால் மலைக்குட்டை அண்ணன் செய்ய வேண்டியது, வழிகிற மதகை இப்போதைக்கு மூடிவிட்டு, மழை வந்தால் தோட்டத்து மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு குழி வெட்டித் திருப்பிவிடுங்கள். செத்த மீனை ஓடைக்கரையில் எறியாமல் தள்ளிக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள், இங்கே அந்தச் சுட்ட சுண்ணாம்பைத் தாராளமாகப் போடலாம். வலையையும் வாளியையும் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள், மச்சான் வீட்டுக்கு இரவல் கொடுக்காதீர்கள். கிட்டைக் கொடுத்தது பரவாயில்லை.


கல்லுப்பைத்தியம் எழுதியது:

அந்தக் குழியை ஊற்றுக்கு மேல்பக்கம் வெட்டிவிடாதீர்கள். சார்னோகைட்டில் வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் ஓடும், மேலே இறங்கியது கீழே எந்த வீட்டுக் கிணற்றில் எட்டிப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. ஊற்றுக்கும் கிணற்றுக்கும் கீழே, செம்மண் கனமாக இருக்கிற இடமாகப் பாருங்கள்.


மலைக்குட்டை எழுதியது:

மதகை இன்று காலையே மூடியாயிற்று. கடைசியாக ஒன்று. ஆய்வகத்தில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது என்றீர்கள், பார்ப்பதென்றால் எங்கே, எப்படி? செத்த மீனை ஐஸ் போட்டு அனுப்பினால் போதுமா?


மீன்டாக்டர்_இல்லை எழுதியது:

செத்தது வேண்டாம், குழிப்புண் வந்ததும் வேண்டாம். அதில் எல்லாக் கிருமியும் குடியேறியிருக்கும், அசல் ஆள் செத்தே போயிருப்பான். சிவப்புப் புள்ளி இப்போதுதான் வந்திருக்கிற, உயிருள்ள மீனாகப் பிடியுங்கள். உயிரோடு கொண்டுபோக முடிந்தால் ஆக்சிஜன் பையில், முடியாவிட்டால் புள்ளியும் அதைச் சுற்றி நல்ல சதையும் சேர்கிற மாதிரி விரல் நுனி அளவு வெட்டி, ஒரு துண்டை பத்து சதவீத ஃபார்மலினில், இன்னொரு துண்டைச் சுத்தமான ஆல்கஹாலில் தனித்தனிப் புட்டியில் போடுங்கள். ஃபார்மலின் துண்டை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் சதைக்குள் இழையும் அதைச் சுற்றிக் கட்டிய முடிச்சும் தெரியும், ஆல்கஹால் துண்டில் பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடுகிற சோதனை) போடுவார்கள். மாற்றிப் போட்டால் பி.சி.ஆர். சரியாக வராது.

முதலில் சேலம் மீன்வளத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள், அவர்கள் வழியாக அனுப்புவதுதான் சுலபம். அதோடு போனில் ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ் என்கிற செயலியை இறக்கிப் புகைப்படத்தோடு பதிவு போடுங்கள், நீர்வாழ் விலங்கு நோய்களைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தில் 2023 ஜூனில் கொண்டுவந்தது. பதிவில் தண்ணீரின் பி.எச்., சொட்டுக் கணக்கு, வெப்பம் மூன்றையும் எழுதுங்கள், கருப்பூர்க் குட்டையின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே குஞ்சு, இரண்டு தண்ணீர் என்கிற மாதிரி ஒப்பீடு ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குச் சும்மா கிடைக்காது.